"விழவில்லை, கால்தான் தடுக்கியது" என்கிறார் அப்பா: பார்க்கின்சன் நோயும் விழும் அபாயமும்

வாசகர் கேள்வி: என் தந்தைக்கு வயது 71. சுங்கை சிப்புட்டுக்கு வெளியே உள்ள ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர். தோட்டத்து லயத்தை விட்டு இப்போது டவுன் பக்கத்துத் தாமானில் குடியிருக்கிறோம். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்றார்கள். மடோபார் மாத்திரை ஒரு நாளைக்கு மூன்று வேளை சாப்பிடுகிறார். இந்த ஆண்டில் எனக்குத் தெரிந்து மூன்று முறை விழுந்துவிட்டார்: குளியலறை வாசலில் ஒரு முறை, சமையலறையில் திரும்பும்போது ஒரு முறை, கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒரு முறை. ஆனால் கிளினிக்கில் டாக்டர் கேட்டால் விழவே இல்லை என்கிறார். "இருட்டில் மலைச்சரிவில் மரம் வெட்டியவனுக்கு வீட்டுக்குள் நடக்கத் தெரியாதா?" என்று எங்களையே மடக்குகிறார். கைத்தடியைத் தொடுவதில்லை, மோட்டார் சைக்கிளையும் விடவில்லை. அம்மா நாள் முழுவதும் "பார்த்துப் போங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். தலைசுற்றுகிறது என்று ஒரு தனியார் கிளினிக்கில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். அதைச் சாப்பிட்ட வாரத்தில் இன்னும் தளர்ந்துபோனார். நான் ஈப்போவில் ஷிப்டு வேலை செய்கிறேன். இது வயதினால் வருவதா, நோயினால் வருவதா? அவருக்கு இதன் ஆபத்தை எப்படிப் புரியவைப்பது? வெளியே போகவிடாமல் தடுத்துவிடலாமா?

இயன்முறைச் சிகிச்சையாளரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தந்தையாரை வீட்டுக்குள் உட்காரவைத்துவிட வேண்டாம். பார்க்கின்சன் நோயாளி நடப்பதை நிறுத்தினால் தொடையும் இடுப்பும் விரைவிலேயே வலுவிழந்துவிடும். அதன்பின் குளியலறை வரை போய்வருவதே அவருக்குப் பெரும்பாடாகிவிடும். தவிரவும், இந்நோயாளிகள் பெரும்பாலும் விழுவது வீட்டுக்குள்தான். நீங்கள் குறிப்பிட்ட மூன்றில் இரண்டு வீட்டில் நடந்தவை. ஆகவே வெளிவாசலைப் பூட்டுவதால் நீங்கள் நினைக்கும் பாதுகாப்புக் கிடைக்காது. அவர் எந்த நேரத்தில், எந்த வழியில், கையில் எதை வைத்துக்கொண்டு நடக்கிறார் என்பதை மாற்றினால் கிடைக்கும்.

வயதா, நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் உண்டு, ஆனால் நோயின் பங்கே பெரிது. மூளையின் தண்டுப் பகுதியில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் படிப்படியாக அழிவதால்தான் இந்நோய் வருகிறது. ஊரார் கண்ணுக்குத் தெரிவது கைநடுக்கம் மட்டுமே. ஆனால் 1817-ஆம் ஆண்டில் இந்நோயை முதன்முதலாக விரிவாக எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சனே, உடல் முன்னோக்கி வளைவதையும், நடை தானாக ஓட்டமாக மாறுவதையும் நோயின் அடையாளங்களாகக் குறித்துவைத்தார். இன்று நமக்குத் தெரிந்தவரை, பார்க்கின்சன் நோயாளிகளில் பத்துப் பேருக்கு ஏறத்தாழ ஆறு பேர் ஓராண்டில் ஒரு முறையாவது விழுகிறார்கள். அவர்களில் பலர் திரும்பத் திரும்ப விழுகிறார்கள். மாத்திரை உடலின் மந்தத்தையும் விறைப்பையும் நன்றாகக் குறைக்கும். சமநிலைத் தடுமாற்றத்தை அந்த அளவுக்குக் குறைப்பதில்லை. "மருந்து ஒழுங்காகத்தானே சாப்பிடுகிறார், பிறகேன் விழுகிறார்?" என்று பல குடும்பங்கள் குழம்புவது இதனால்தான்.

அபாயம் எவ்வளவு என்பதை மதிப்பிட நாங்கள் முக்கியமாக மூன்று கேள்விகளைக் கேட்போம். கடந்த பன்னிரண்டு மாதங்களில் விழுந்தாரா? கடந்த ஒரு மாதத்தில் நடக்கும்போது கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுபோனதுண்டா? அவர் இயல்பாக நடக்கும் வேகம் விநாடிக்கு 1.1 மீட்டருக்கும் குறைவா? மூன்றாவதை நீங்களே வீட்டு முன்புறத்தில் அளந்துவிடலாம். நான்கு மீட்டரை அளந்து இரண்டு முனைகளிலும் அடையாளம் இட்டு, முதல் அடையாளத்துக்குச் சற்றுப் பின்னாலிருந்தே அவரை வழக்கம்போல் நடக்கவிட்டு, இரண்டு அடையாளங்களுக்கும் இடையே ஆகும் நேரத்தைக் கைப்பேசியில் பாருங்கள். ஏறத்தாழ மூன்றரை விநாடிக்கு மேல் போனால் அது மெதுவான நடை. ஆனால் முதல் கேள்விக்கே உங்கள் வீட்டில் பதில் கிடைத்துவிட்டது. விழுந்தவர் மீண்டும் விழுவார் என்பதை முன்கூட்டிச் சொல்வதில் வேறெந்த அறிகுறியையும்விட அதுவே வலுவானது.

இனி, நீங்கள் மிகவும் வருந்தி எழுதியிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். தந்தையார் பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். டாக்டரின் கேள்விக்கு நோயாளிகள் "இல்லை" என்று சொல்வதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒப்புக்கொண்டால் மகளும் மனைவியும் எல்லாவற்றுக்கும் தடை போட்டுவிடுவார்கள் என்ற அச்சம் ஒன்று. உங்கள் கடிதத்தைப் படித்தால் அந்த அச்சம் வீண் என்றும் சொல்வதற்கில்லை. அடிபடாமல் எழுந்துவிட்டால் அது கணக்கில் சேராது என்று உண்மையிலேயே நம்புவது இன்னொன்று. ஈரத் தரை, தேய்ந்த சிலிப்பர், வழியில் கிடந்த பேரனின் பொம்மை என்று ஒவ்வொரு முறைக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டால், அத்தனையும் தனித்தனிச் சம்பவங்களாகிவிடுகின்றன. அவற்றுக்குப் பொதுவான காரணம் தம் உடம்பில் இருப்பது அவருக்குத் தென்படுவதே இல்லை. நோய் முற்றும்போது சிலருக்கு நினைவும் தன்னை மதிப்பிடும் திறனும் மங்குவதுண்டு. அதையும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

அவர் மரம் வெட்டிய காலத்தைச் சொல்லி உங்களை மடக்குவதில் ஓர் உண்மை இருக்கிறது. விடியுமுன் நெற்றி விளக்கு வெளிச்சத்தில், பனியில் நனைந்த சரிவில், மரத்துக்கு மரம் விரைந்து போனபோது அவர் தம் கால்களைப் பற்றி ஒரு கணமும் நினைத்திருக்கமாட்டார். நடை தானாக நடந்துகொண்டிருந்தது. கவனம் முழுவதும் கத்தியிலும் பட்டையிலும் இருந்தது. பார்க்கின்சன் நோய் பறித்துக்கொள்வது அந்தத் தானியங்கித் திறனைத்தான். இப்போது ஒவ்வோர் அடியையும் அவர் மனத்தால் எடுத்துவைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் பழைய உடம்பைத்தான் அவர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார். நோயற்ற ஒருவர் நடந்துகொண்டே வேறொரு வேலை செய்யும்போது தடுமாறினால், அந்த வேலையை விட்டுவிட்டு முதலில் காலைச் சரிசெய்துகொள்வார். பார்க்கின்சன் நோயாளிகள் பலர் பேச்சையோ கையிலுள்ள தட்டையோ விடாமல் காலை விட்டுவிடுகிறார்கள். அவர் கவனக்குறைவானவர் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது.

எனவே அவரைப் பயமுறுத்திப் புரியவைக்க முயல வேண்டாம். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தவர்களின் கதைகளைச் சொல்லிச் சொல்லி, ஓரளவு நன்றாக நடந்துகொண்டிருந்தவரை நாற்காலியை விட்டு எழவே அஞ்சும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அபாயத்தைக் குறைத்து மதிப்பிடுபவர் விழுவதைப் போலவே, மிகையாக அஞ்சுபவரும் உடல் விறைத்து, அடி குறுகி, விழுகிறார். அம்மாவின் "பார்த்துப் போங்க" என்ற சொல்லில் அன்பு இருக்கிறது, தகவல் இல்லை. எதைப் பார்ப்பது, எங்கே பார்ப்பது என்று அதில் ஒன்றுமில்லை. நாளுக்கு இருபது முறை கேட்ட பிறகு அது காதில் விழுவதும் நின்றுவிடும். இன்னொன்றையும் தயங்காமல் சொல்லிவிடுகிறேன்: அவர் நடந்துகொண்டிருக்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டு அதைச் சொன்னால், பதில் சொல்வதற்காக அவர் திரும்புவார், அந்தத் திருப்பத்திலேயே விழக்கூடும். சமையலறையில் நடந்தது அப்படித்தானா என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டுப்பாருங்கள். இனி அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால், அவர் முன்னால் போய் நின்று, அவர் நின்ற பிறகு சொல்லுங்கள்.

அபாயத்தை அவரே கண்டுகொள்வதற்கு நான் பரிந்துரைப்பது ஒரு குறிப்பு எழுதும் பழக்கம். நம் வீடுகளில் பெரிய எண்கள் போட்ட குதிரை காலண்டர் தொங்கிக்கொண்டிருக்கும். அதன் கட்டங்களே போதும். "விழுந்தீர்களா?" என்று கேட்காதீர்கள். "இன்றைக்கு எங்கேயாவது சுவரைப் பிடிக்க வேண்டி வந்ததா? முழங்கையோ முழங்காலோ தரையில் பட்டதா? நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டீர்களா?" என்று கேட்டு, நேரம், இடம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்ற மூன்றை மட்டும் எழுதுங்கள். கை நடுங்கினாலும் முடிந்தவரை அவரே எழுதட்டும். விழுந்ததைவிட, விழப்பார்த்துத் தப்பியதே அதிகம் இருக்கும். அவற்றையும் எழுத வேண்டும். ஒரு மாதத்தில் அந்தக் கட்டங்களில் ஓர் ஒழுங்கு தெரியத் தொடங்கும். காலை மாத்திரைக்கு முன்பா, மதியச் சாப்பாட்டுக்குப் பின்பா, இரவில் சிறுநீர் கழிக்க எழும்போதா என்று பார்க்கலாம். மற்றவர் சொன்ன அறிவுரையை மறுத்து வாதாடும் மனிதர், தம் கையால் எழுதியதை அத்தனை எளிதில் மறுப்பதில்லை.

பெரும்பாலும் அந்தக் குறிப்பில் முதலில் தெரியவருவது திரும்புதல். நின்ற இடத்திலேயே ஒரு காலை ஊன்றிச் சட்டென்று உடலைத் திருப்பும்போது மேலுடம்பு திரும்பிவிடும், பாதம் பின்தங்கிவிடும், கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். உங்கள் தந்தையாருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க அவருடைய தொழிலிலேயே வழி இருக்கிறது. மரம் வெட்டும்போது அவர் நின்ற இடத்தில் திருகவில்லை; வெட்டுக்கோட்டைத் தொடர்ந்து, மரத்தைச் சுற்றிச் சிறுசிறு அடியாகக் காலை மாற்றி மாற்றி நகர்ந்திருப்பார். வீட்டிலும் அப்படியே, நடுவில் ஒரு மரம் நிற்பதாக நினைத்து, அதைச் சுற்றி அகலமாக அடியெடுத்துத் திரும்பச் சொல்லுங்கள். அடுப்புக்கும் மேசைக்கும் நடுவில் அதற்கு இடமில்லையென்றால் மேசையை நகர்த்துங்கள். பின்னால் அடிவைப்பதும் இதைப் போலவே ஆபத்தானது. நம் வீட்டுக் கிரில் கதவை இழுக்கும்போதும், குளிர்பெட்டிக் கதவைத் திறக்கும்போதும் உடல் பின்னோக்கிச் சாய்கிறது. இந்நோயில் பின்னோக்கிச் சாயும் உடலை மீட்டு நிறுத்தும் அனிச்சை வலுவிழந்திருப்பதால், அவர் வேரறுந்த மரமாய் அப்படியே மல்லாந்துவிடலாம். கதவுக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில், ஒரு காலை முன்வைத்து ஒரு காலைப் பின்வைத்து நின்று, ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு இழுக்கச் சொல்லுங்கள். கோயில் வாசலில் நடந்ததற்கு அதிக விளக்கம் வேண்டாம். ஒற்றைக்காலில் நின்று செருப்பைக் கழற்றும் காலம் அவருக்கு முடிந்துவிட்டது. உட்கார்ந்து கழற்ற வேண்டும்.

குளியலறை வாசல் வேறு கதை. வாசற்படி, குறுகிய வழி, தரையின் நிறம் மாறும் இடம், அவசரம் ஆகியவை ஒன்றுசேரும் இடங்களில் கால் உறைந்து நின்றுவிடுவது இந்நோயின் தனி இயல்பு. கால் நின்றுவிட, உடல் மட்டும் முன்னே போகிறது, அப்படித்தான் விழுகிறார்கள். அவர் அப்படி நின்றுபோகும்போது அம்மா கையைப் பிடித்து முன்னே இழுக்கிறாரா என்று கவனியுங்கள். இழுக்கவே கூடாது, இருவரும் சேர்ந்து விழுவார்கள். முதலில் முயற்சியை முழுவதுமாக நிறுத்தி, நிமிர்ந்து, மூச்சு விட்டு, உடல் எடையை இடமும் வலமுமாக மெல்ல மாற்றி, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று வாய்விட்டு எண்ணி, மூன்றில் ஒரு பெரிய அடியை எடுத்துவைக்க வேண்டும். வாசலுக்கு முன்னே தரையில் பளிச்சென்ற நிறத்தில் ஒட்டுநாடாவைக் குறுக்குக் கோடுகளாக, அவர் எடுத்துவைக்கும் ஓர் அடியின் தூரத்துக்கு ஒன்றாக ஒட்டிவைத்தால், கோட்டைத் தாண்டுவதாக நினைத்துக் காலைத் தூக்க முடியும். கண்முன் ஒரு குறி இருந்தால், தானாக வராத அடியைத் தாமே வரவழைத்துக்கொள்ள மூளைக்கு வேறொரு வழி கிடைக்கிறது. தாளத்தோடு பாட்டுப் போட்டு அதற்கேற்ப நடப்பதும் பலருக்கு உதவுகிறது. எல்லாருக்கும் எல்லாம் பலிப்பதில்லை. எது பலிக்கிறது என்று முயன்றுதான் பார்க்க வேண்டும்.

அவர் காலையில் கோப்பிக் கடைக்குப் போவதாக இருந்தால் போகட்டும். மாத்திரை வேலை செய்யத் தொடங்கி, உடல் இளகிய பிறகு போகட்டும். பெரும்பாலோருக்கு மாத்திரை சாப்பிட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அந்த நிலை வரும். பொட்டலம் கட்டிய தேநீர் ஒரு கையில், நாளிதழ் ஒரு கையில் என்று வரக்கூடாது. தோளில் குறுக்காக மாட்டும் பை ஒன்று வாங்கிக்கொடுங்கள். கைப்பேசி அடித்தால் அடிக்கட்டும்; உட்கார்ந்த பிறகு எடுக்கலாம். வேலையிலிருந்து நீங்களே அவரை அழைத்து நலம் விசாரிப்பதாக இருந்தால், அவர் நாற்காலியில் இருக்கும் நேரமாகப் பார்த்து அழையுங்கள். டவுன் கடைவரிசையின் ஐந்தடிகளில் (கடைகளின் முன்னுள்ள நடைபாதையில்) ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் இடையில் தரை ஏறி இறங்குவதைக் கவனித்திருப்பீர்கள். மழை பெய்தால் அந்த மொசைக் தரை வழுக்கும். அந்த ஏற்ற இறக்கம் குறைந்த வழி எது என்று ஒருநாள் அவரோடு நடந்து பார்த்து முடிவுசெய்யுங்கள். மோட்டார் சைக்கிளைப் பற்றி நான் நயமாகச் சொல்லப்போவதில்லை. திரும்பும்போது கால் உறையும் ஒருவர், சந்திப்பில் வண்டியை நிறுத்திக் காலை ஊன்ற முடியாது. மருத்துவர் பார்த்து முடிவு சொல்லும்வரை சாவி உங்களிடம் இருக்கட்டும்.

மாத்திரையைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். அளவையோ நேரத்தையோ மாற்றுவது மருத்துவரின் பொறுப்பு. நானும் நீங்களும் மாற்றக்கூடாது. திடீரென நிறுத்தவே கூடாது, அது உயிருக்கே ஆபத்தாகலாம். ஆனால் சாப்பிடும் முறையைச் சரிசெய்யலாம். மடோபார் போன்ற லெவோடோபா கலந்த மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவதைப் புரதச்சத்து தடுக்கிறது. முட்டை வைத்த நாசி லெமாக்கோடோ, பருப்பில் தோய்த்த ரொட்டி சானாயோடோ, பால் கலந்த தேநீரில் மாத்திரையை விழுங்கினால், அதன் வேலை தாமதமாகும், சில நாள் முழுமையாகவும் கிட்டாது. பசியாறுவதற்கு அரை மணி நேரம் முன்பு வெறும் தண்ணீரில் சாப்பிடுவது நல்லது. வெறும் வயிற்றில் குமட்டினால் இரண்டு உப்பு பிஸ்கட் சேர்த்துக்கொள்ளலாம். அடுத்த வேளை மாத்திரைக்கு முந்தைய நேரத்தில் உடல் மறுபடி மந்தமாகிறதென்றால், காலண்டர் குறிப்பைக் காட்டி மருத்துவரிடம் சொல்லுங்கள். வேளைகளைப் பிரித்துக்கொடுக்க வழி உண்டு.

தலைசுற்றலுக்குக் கொடுத்த மாத்திரையின் பெயரை உடனே பாருங்கள். தலைசுற்றலுக்குப் பரவலாகத் தரப்படும் புரோகுளோர்பெரசின், சின்னரசின் ஆகியவையும், வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோப்ரமைடும் டோபமினின் செயலைத் தடுப்பவை. பார்க்கின்சன் நோயாளிக்கு விறைப்பையும் மந்தத்தையும் கூட்டிவிடக்கூடியவை. அந்த வாரத்தில் அவர் தளர்ந்ததற்கு இது காரணமாக இருந்திருக்கலாம். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் பார்க்கின்சன் நோய் இருக்கிறது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். தூக்க மாத்திரையும், தூக்கம் வரவைக்கும் சளி மருந்தும் விழும் அபாயத்தைக் கூட்டும்.

தலைசுற்றலுக்கே காரணம் என்ன என்பதையும் பார்க்க வேண்டும். பார்க்கின்சன் நோயிலும் அதன் மருந்துகளாலும் எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சரிவது சாதாரணம். உயர் இரத்த அழுத்த மாத்திரையோ, புரோஸ்டேட் வீக்கத்துக்கான சில மாத்திரைகளோ சேர்ந்தால் இன்னும் சரியும். அவரை ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்றதும் ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாவது நிமிடத்தில் ஒருமுறை அளந்து எழுதுங்கள். அளக்கும்போது பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேலோ, கீழ் அளவு 10 அல்லது அதற்கு மேலோ குறைந்தால் மருத்துவருக்குத் தெரியவேண்டிய செய்தி அது. சிலருக்குத் தலைசுற்றலே இருக்காது. கண் மங்கும், கழுத்தும் தோளும் வலிக்கும், அல்லது கால் சட்டென்று தொய்ந்துவிடும். அப்படிப்பட்டவர் "தடுக்கியது" என்றுதான் சொல்வார். படுக்கையிலிருந்து எழும்போது உட்கார்ந்து, காலை ஆட்டி, ஒரு நிமிடம் கழித்து நிற்பது இதற்கு எளிய காப்பு.

வீட்டைப் பொறுத்தவரை நீங்கள் அறிந்தவையே: கழிப்பிடத்தில் சுவரோடு பதித்த கைப்பிடி, குந்தும் கழிப்பிடமென்றால் அதை உட்காரும் வகைக்கு மாற்றுவது, கட்டிலிலிருந்து கழிப்பிடம் வரை இரவு விளக்கு, நகரும் கால்மிதியடிகளை எடுத்துவிடுவது. கைலி தரையில் இழுபடாமல் கணுக்காலுக்கு மேலே நிற்க வேண்டும். வீட்டில் அரைக்கால் சட்டை இன்னும் நல்லது. பின்பட்டை இல்லாத சிலிப்பரை விட்டுவிட்டுக் குதிகாலைப் பிடிக்கும் செருப்பு போடட்டும். இரவில் அவசரமாகச் சிறுநீர் வருகிறதென்றால் கட்டிலருகில் ஒரு சிறுநீர்க் குடுவை வைப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

கைத்தடியைப் பொறுத்து நான் தந்தையாரின் பக்கம் பாதி நிற்கிறேன். எல்லாப் பார்க்கின்சன் நோயாளிக்கும் கைத்தடி உதவாது. நான்கு முனைத் தடி பலரின் காலிலேயே சிக்குகிறது. சக்கரமில்லாத, தூக்கித் தூக்கி வைக்கும் நடைச்சட்டம் நடையின் ஓட்டத்தை வெட்டி, கால் உறைவதைக் கூட்டக்கூடும். பிரேக் உள்ள நான்கு சக்கர நடைவண்டி சிலருக்குப் பொருந்துகிறது. நடை தானாக ஓட்டமாக மாறுபவருக்கு அதுவே ஆபத்து. ஒருவர் நடையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியதை, கடையில் விலை பார்த்து வாங்கிவந்து அவரோடு சண்டை போடாதீர்கள். உடற்பயிற்சிக்கு இதைவிட அதிக முக்கியத்துவம் கொடுங்கள். 2012-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில் 195 நோயாளிகள் மூன்று குழுக்களாக 24 வாரங்கள், வாரம் இருமுறை பயிற்சி செய்தார்கள்; தை சீ செய்தவர்கள், வெறும் தசைநீட்டப் பயிற்சி செய்தவர்களைவிடக் குறைவாக விழுந்தார்கள். நம் ஊர்ப் பூங்காக்களில் காலையில் சீனப் பெரியவர்கள் தை சீ செய்வதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் இயன்முறைச் சிகிச்சையாளர் ஒருவரிடம் அவர் நிலையைக் காட்டி, பிறகு அங்கே சேரலாம். நோய் மிதமாக இருக்கும்போது பயிற்சியால் விழுவது குறைகிறது. முற்றிய நிலையில் துணையில்லாமல் செய்யும் பயிற்சியே விழவைக்கலாம் என்பதால் காலம் தாழ்த்தாமல் தொடங்குங்கள். அதுவரை வீட்டில், சுவரையொட்டிய உறுதியான நாற்காலியின் முன்னோரத்துக்கு நகர்ந்து, பாதங்களைப் பின்னிழுத்து, மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்வரை குனிந்து எழுவதை, ஆள் பக்கத்தில் நிற்க, ஒரு வேளைக்குப் பத்து முறை செய்யட்டும்.

இத்தனைக்குப் பிறகும் அவர் ஒருநாள் விழுந்தால், அம்மா அவசரப்பட்டு அக்குளில் கைகொடுத்துத் தூக்க வேண்டாம். அம்மாவின் முதுகு போய்விடும். இடுப்பு வலித்து, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் அசைக்காமல் 999-ஐ அழைக்க வேண்டும். தலையில் அடிபட்டு, இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவராகவும் இருந்தால், நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். முதியவர்களுக்குத் தலைக்குள் மெதுவாகக் கசியும் இரத்தம் சில வாரங்கள் கழித்துக்கூட மயக்கத்தையும் குழப்பத்தையும் கொண்டுவரலாம். அடி எதுவும் இல்லையென்றால், ஒருக்களித்து, கையூன்றி, மண்டியிட்டு, நாற்காலியைப் பிடித்து அவரே எழ வழிகாட்டலாம். வழக்கத்தைவிடத் திடீரென்று அடிக்கடி விழத் தொடங்கினால், அதை நோயின் முற்றல் என்று விட்டுவிடாமல் சிறுநீர்த் தொற்றையும் புது மருந்துகளையும் முதலில் சந்தேகியுங்கள்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது காலண்டர் தாள்களையும், இரத்த அழுத்தக் குறிப்பையும், தனியார் கிளினிக் மாத்திரை, மூலிகை மருந்து உட்பட வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். டாக்டரிடம் காலண்டரை நீங்கள் படிக்காதீர்கள், தந்தையாரே படிக்கட்டும். ஈப்போ பெரிய மருத்துவமனையின் இயன்முறைச் சிகிச்சைப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். எலும்பின் அடர்த்தியும் வைட்டமின் டி அளவும் பார்க்க வேண்டுமா என்றும் கேளுங்கள். எண் அழைக்கும்வரை காத்திருப்பதில் மதிய மாத்திரை தவறிவிடுவது வழக்கம் என்பதால், அதையும் ஒரு போத்தல் தண்ணீரையும் கையோடு கொண்டுபோய், நேரம் வந்ததும் அங்கேயே கொடுத்துவிடுங்கள்.